குணா, உன் கம்பியில் ஃபைல் நகரவில்லை

கையில் ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் சாப்பிடக்கூட உட்காராத என் தம்பி குணாவுக்கு,

ரவாங் ஃபேக்டரியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் வழியில் லோரி மோதி நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதமும் மனசுக்குள் உன்னைத் திட்டித்தான் பேசியிருக்கிறேன். இன்றைக்கு வேறு விஷயம். உட்கார்ந்து எழுதப் பொறுமையில்லை, எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

ஃபேக்டரியில் கழித்துக் கட்டிய இரண்டு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்து, முன்னறையில் ஒன்றும் பின்னறையில் ஒன்றுமாக வைத்தாயே. முன்னறையில் நான் டைப் அடிப்பேன். பிரிண்டர் போடும் கூச்சல் அம்மாவுக்கு ஆகாது என்று அதைப் பின்னறை மெஷினோடு சேர்த்துவிட்டாய். இரண்டுக்கும் நடுவே சுவரோரமாக டெலிபோன் கம்பியை இழுத்து, வரிசையாக க்ளிப் அடித்து, முனைகளை நீயே பற்றவைத்தாய். இங்கே அனுப்பினால் தேத்தண்ணி ஆறுவதற்குள் அங்கே போய்ச் சேரும். நம் புக்கிட் பெலிம்பிங்கில் வேறு யார் வீட்டில் அப்படி இருந்தது?

நீ போனதும் அது படுத்துவிட்டது. ஒரேயடியாக நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை, ஊர்ந்தது. ஒரு கடிதம் போக அரை மணி. "குணா அவசரத்துல பத்தவச்சான், இப்ப விட்டுக்கிட்டு வருது" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். உன் மேல் ஏன் அவ்வளவு கோபம்? கம்பிக்காக மட்டும்தானா?

இந்த வாரம் அந்தக் கோபத்தோடு விளையாட நேரமில்லாமல் போயிற்று. பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் நாம் பிறந்த தோட்டத்தை விற்றுவிட்டார்கள். தொழிலாளர் லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லியாயிற்று. அறுபது குடும்பம். வீட்டு மனை கேட்டு கோலா சிலாங்கூர் நில ஆபீஸில் மனு கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். அங்கே வேலையாட்களை மேய்க்கும் மாரிமுத்து மண்டோர் பெயர்களைக் கொண்டு வந்து கொடுத்தார். குடும்பத்துக்கு ஒரு மனுவாக மூன்று நாள் அடித்தேன். வியாழன் மத்தியானம் அனுப்பினால் முதல் ஃபைலே நகரவில்லை.

ஃப்ளாப்பி டிரைவ் எப்போதோ செத்துவிட்டது. பிரிண்டரைத் தூக்கி வந்தேன். முன்னறை மெஷினில் அதைச் சொருக இடமே இல்லை. உன் கம்பியை விட்டால் வேறு வழியில்லை.

மண்டோர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். "நாளைக்கி ஆபீஸ்காரங்க வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போறதுக்கு முன்னாடி குடுக்கணும்லா. அப்புறம் வாங்க மாட்டாங்க."

"தெரியும் மாமா. கொஞ்சம் சும்மா இருங்க."

கம்பியைக் கழற்றி மாட்டினேன். வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். முனைகளைப் பிரித்து நீ பற்றவைத்த இடத்தை நகத்தால் நெம்பினேன். ஒரு இழைகூட ஆடவில்லை. அப்போதே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. வேறு என்ன செய்வது என்று தெரியாமல் திரையையே முறைத்தேன். உன் புரோகிராம் ஃபைலைத் துண்டு துண்டாக அனுப்பும், கெட்டுப்போன துண்டை மறுபடி கேட்கும். எத்தனை தடவை கேட்டது என்று மூலையில் ஒரு எண் ஏறும். திரைக் கண்ணாடியில் எனக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஏதோ மினுங்கியது. மினுங்கும் போதெல்லாம் அந்த எண் ஏறியது.

திரும்பினேன். உன் படம். அதைச் சுற்றி அம்மா மாட்டச் சொன்ன லிப்லாப் விளக்கு. தீபாவளிக்கு வீட்டு முன்னால் போடுகிற அதே மினுக்கு விளக்குதான். அதன் வயர் சுவர் முழுக்க உன் கம்பியோடு ஒட்டி, நீ அடித்த க்ளிப்புகளுக்குள்ளேயே ஓடியது. கரண்ட் விட்டு விட்டுப் பாயும் ஒவ்வொரு தடவையும் உன் கம்பியில் போவதைக் கெடுத்துக்கொண்டிருந்தது. தப்பு உன்னுடையது இல்லை, குணா. என்னை மன்னித்துவிடு.

"அம்மா, தம்பி படத்து லைட்ட அணைக்கணும். அதுதான் கம்பியக் கெடுக்குது."

அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். "வருஷம் திரும்புற வரைக்கும் அணைக்க மாட்டேன்னு அவனுக்குச் சொல்லியிருக்கேன். ஒனக்குத் தெரியாதா?"

மண்டோர் எழுந்துவிட்டார். "நான்தான்க்கா கட்டுனேன். க்ளிப் வரிசையா இருந்துச்சு, அதுலயே விட்டா பாக்க நல்லாருக்கும்னு நெனச்சேன்." பிறகு என்னிடம், "வேணாம்மா. அம்மா மனச நோகடிக்காத. நான் கையாலயே எழுதிக்கிறேன்."

அறுபது மனு, ஒரு ராத்திரியில், பேனா பழகாத அந்தக் கையால்.

அம்மா உன் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "லயத்துல நம்ம பக்கத்து வூட்டுல இருந்த காளியம்மா பேரும் அதுல இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குக்கா. எல்லார் பேரும் இருக்கு."

அம்மா போய்த் தன் கையாலேயே சுவிட்சைத் தட்டினார். "அனுப்பு" என்றார்.

போயிற்று, குணா. ஒன்றன் பின் ஒன்றாக, நீ இருந்தபோது போன மாதிரியே போயிற்று. பின்னறையில் பிரிண்டர் சாயங்காலம் வரை கத்தியது; அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் மண்டோர் எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டார். வாங்கி முத்திரை குத்தினார்களாம். மனை கிடைக்குமா? யாருக்குத் தெரியும்.

விளக்கு வயரைப் பிரித்து அடுத்த சுவர் வழியாக விட்டுத் தருகிறேன் என்று நேற்று அம்மாவிடம் சொன்னேன். "இருக்கட்டும்லா" என்றார். சுவிட்சை மறுபடி போடவில்லை. இன்று காலை உன் படத்து ஆணியைச் சரிபார்க்கப் போனவள், மினுக்கல் இல்லாத உன் முகத்தைப் பார்த்தேன். எட்டு மாதமாக நான் அதை நேராகப் பார்க்கவே இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். உன்னை எரித்த அன்றுகூட நான் அழவில்லை, ஓடிக்கொண்டே இருந்தேன்.

அந்த அறுபது ஃபைலையும் அழிக்க மாட்டேன். மனுவை எத்தனை தடவை திருப்பி அனுப்பினாலும் அத்தனை தடவையும் திருத்தி அடித்துக் கொடுப்பேன், கடைசி வீட்டுக்குக் கூரை ஏறும் வரை. உனக்குப் பொறுமையே கிடையாது அக்கா என்பாய். வரவழைத்துக்கொள்கிறேன்.

உன் கூடப்பிறந்தவள்,
வள்ளி அக்கா