கோமகன் வாங்கிய அறை

ஸ்லாப்னா, புனித மர்கரீத்தாள் திருநாளுக்கு முந்திய புதன்கிழமை.

வெனிஸ் பட்டணத்தில் ரொட்டி சுட்டுப் பிழைக்கும் என் மகன் யெர்னெய்க்கு, பெற்றவள் நேஷா ஆசீர்வாதத்தோடு சொல்லச் சொல்ல, பிரிமோஷ் சாமி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இரண்டு பசுக்களும் நலம். மூன்றாவது பசு உன்னைப் போலவே சொன்ன பேச்சு கேட்காமல் ஈரப்புல்லைத் தின்றுவிட்டு வயிறு ஊதிக் கிடக்கிறது.

உப்பு வியாபாரி வந்து நீ சௌக்கியம் என்று சொன்னார். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாயாம். "அப்பா இன்னும் கோவமாத்தான் இருக்காரா?" என்று நீ கேட்கச் சொன்னதாகவும் சொன்னார். நான் என்ன பதில் சொல்ல? உன் அப்பா கோபம் வந்தாலும் பேசமாட்டார், சந்தோஷம் வந்தாலும் பேசமாட்டார். நீ அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போன அன்று, உன் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவிப் பரணில் கவிழ்த்து வைத்தார். இந்த இரண்டு வருஷமாக உன் பெயரை வாயில் எடுக்கவில்லை. கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்கே தெரியவில்லை.

முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். பெரிய கோமகன் போய்ச் சேர்ந்தார். அவர் ஆத்துமா சாந்தியடைய வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று சாமி கேட்கிறார். சேர்த்துக்கொள்ளட்டும். உன் வலது கையை வெட்டச் சொல்லித் தீர்ப்பெழுதிய மனுஷருக்காக நானாக அதைச் சொல்ல மாட்டேன். அதுவும் எதற்கு? நம் முட்டைக்கோஸைத் தின்ன வந்த, கோமகனின் காட்டு மானை நீ விரட்டினாய், அது பள்ளத்தில் விழுந்து செத்தது. அங்கேயே போட்டுவிட்டு வந்திருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். வீணாகப் போகிறதே என்று அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வனக்காவலர் வீட்டு வாசல் வழியாக நடந்து வந்த புத்திசாலி நீ. அந்த மூளை என் பிறந்த வீட்டு வழியில் வந்ததில்லை.

இப்போது அவர் மகன் புதிய கோமகனாகப் பட்டமேறப் போகிறார். இருபத்திரண்டு வயதுப் பையன். பட்டமேறும் சடங்கை நீ பார்த்ததில்லை. போன தடவை நடந்தபோது நீ பிறக்கவே இல்லை. புல்வெளி நடுவில் நம் கல் இருக்கிறதே, அதில் நம் வீட்டு ஆண்பிள்ளை விடியும் முன்பே போய் உட்கார வேண்டும். அவர் அதில் உட்கார்ந்திருக்கும் வரை நாடு அவர் கையில். ஒருவரும் அவரைத் தொடக்கூடாது. கோமகனாகப் போகிறவர் குடியானவன் உடுப்பில் நடந்து வருவார். "யார் வருவது? நியாயம் தெரிந்தவரா? நாட்டைக் காப்பாரா?" என்று கல்லில் இருப்பவர் கேட்பார். "ஆம்" என்று ஊர் சொல்லும். பிறகு அவர் கன்னத்தில் ஓர் அறை. அப்புறம்தான் கல்லைவிட்டு எழுந்து இடம் விடவேண்டும். அதற்குக் கூலி ஒரு எருதும் ஒரு குதிரையும், அவர் உடுத்தி வந்த உடுப்பும். மூன்று தலைமுறையாக நம் வீட்டின் உரிமை இது. இந்தத் தடவை அறைய வேண்டியவர் உன் அப்பா.

ஈயை ஓட்டுவதென்றாலும் அதனிடம் அனுமதி கேட்கிற மனுஷர் உன் அப்பா. இதைக் கேள்விப்பட்ட நாள் முதல் சாப்பாடு இறங்கவில்லை. ஊரோ வேறு கணக்குப் போடுகிறது. மாவு மில் பிளாஷ் தினமும் வாசலில் வந்து நிற்கிறான். "உங்கப்பாரு போன தடவ பூவால தடவுன மாதிரி அறைஞ்சாரு. அதான் அந்தாளு முப்பத்தொரு வருசம் நம்ம தலையில ஏறி உக்காந்தான். நீயாவது பல்லு ஆடுற மாதிரி ஒண்ணு குடுப்பா ஊர்பன்" என்கிறான். அவன் போன பிறகு அரண்மனை அதிகாரி வந்தார். இரண்டு விரலால் மாவைத் தட்டுவது போலத் தொட்டால் போதும், அதற்கு மேல் கை பட்டால் கை இருக்காது என்று அழகாகச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளம் மாதிரி ஆகிவிட்டார் அப்பா.

பழகிப் பார்க்கலாம் என்றால் ஆள் கிடைக்கவில்லை. என்னை அறையுங்கள் என்று கன்னத்தைக் காட்டினேன். எழுந்து விறகு பிளக்கப் போய்விட்டார். கன்றுக்குட்டியை அறையப் போனார், அது கையை நக்கியது. கடைசியில் சாமி தன் கன்னத்தைக் கொடுத்தார். அப்பா தொட்டும் தொடாமலும் ஒன்று வைத்துவிட்டு, சாமி மறு கன்னத்தையும் காட்டியதும் மண்டியிட்டுப் பாவமன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிட்டார். இதை எழுத வேண்டாம் என்கிறார் சாமி. எழுதுங்கள் சாமி, பையன் சிரிக்கட்டும்.

நேற்று நான் அப்பாவிடம் நேராகவே கேட்டேன். "நாடே உங்க கையில இருக்கிற நேரம். யெர்னெய் திரும்பி வரலாமான்னு ஒரு வார்த்தை கேட்டா என்னங்க?" என்றேன். "அது சடங்குக் கேள்வியில இல்லடி" என்றார். நான் கரண்டியை வீசினேன். படவில்லை.

ஆகவே மகனே, பெரிதாக எதையும் நம்பிக்கொண்டிருக்காதே. இருந்தாலும் படுக்கும் முன் ஒரு ஜெபம் சொல்லு. குளிர் வந்தால் ரொட்டி அடுப்போரம் படுத்துக்கொள், தலையை மட்டும் தள்ளி வை. முடி கருகிவிடும்.

இப்படிக்கு,
உன் அம்மா நேஷா.


ஸ்லாப்னா, புனித அன்னம்மாள் திருநாளுக்கு மறுநாள்.

அன்பு மகன் யெர்னெய்க்கு அம்மா நேஷா மறுபடியும். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. எங்கேயாவது உட்கார். அப்பா உயிரோடு இருக்கிறார், நானும் இருக்கிறேன், நாட்டுக்குக் கோமகனும் இருக்கிறார். மூன்றும் கொஞ்ச நேரம் சந்தேகமாகத்தான் இருந்தது.

சடங்கன்று இருட்டோடு அப்பா போய்க் கல்லில் உட்கார்ந்துவிட்டார். விடிந்ததும் கோமகன் ஆட்கள் வந்தார்கள். குடியானவன் உடுப்பு என்று அரண்மனைத் தையல்காரர் தைத்து வந்ததைப் பார்க்க வேண்டுமே! சாம்பல் நிறம் சரிதான், உள்ளே பட்டு வைத்துத் தைத்திருந்தார். பொத்தான் வெள்ளி. ஊர் ஒப்புக்கொள்ளவில்லை. "இதப் போட்டுக்கிட்டு எந்த ஊர்ல மாடு மேய்க்கிறாங்க?" என்று பிளாஷ் கத்தினான். உடனே நிஜ உடுப்பு வேண்டும் என்றார்கள். கோமகன் நல்ல உயரம், அகலமான தோள். பொருத்தமான உடுப்பு ஊரிலேயே ஒன்றுதான் இருந்தது. உன் கம்பளிச் சட்டை. பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அப்பாவைக் குழப்பவே நான் அதை எடுத்துக் கொடுத்தேன் என்று இப்போது ஊர் பேசுகிறது. அப்படி ஒரு நினைப்பே எனக்கு இல்லை. சாமி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். சரி, கொஞ்சம் இருந்தது.

கோமகன் புல்வெளியில் நடந்து வந்தார். பாவம், கம்பளி குத்திக் குத்திக் கழுத்தைச் சொறிந்துகொண்டே வந்தார். நீயும் அப்படித்தான் சொறிவாய். "யார் வருவது?" என்று கேட்க வேண்டிய அப்பா வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. சாமி பின்னால் நின்று இரண்டு தடவை எடுத்துக் கொடுத்த பிறகுதான் கேட்டார். நியாயம் தெரிந்தவரா என்றார், ஆம் என்றோம். நாட்டைக் காப்பாரா என்றார், ஆம் என்றோம். அப்பாவின் கண் மட்டும் அந்தச் சட்டையைவிட்டு நகரவில்லை. முழங்கையில் நான் போட்ட ஒட்டுத்துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறைய வேண்டிய நேரம் வந்தது. கோமகன் குனிந்து கன்னத்தைக் கொடுத்தார். அதிகாரி இரண்டு விரலை உயர்த்தி ஞாபகப்படுத்தினார். யெர்னெய், உன் அப்பா ஓர் அறை விட்டார் பார், கோமகன் தலையிலிருந்த தொப்பி, கூலிக்கென்று பக்கத்தில் கட்டியிருந்த எருதின் கொம்பில் போய் மாட்டிக்கொண்டது. "எங்கடா போயிருந்த ரெண்டு வருசமா? சொல்லிட்டுப் போனா நான் உன்னக் கடிச்சா தின்னுடுவேன்? ஒங்கம்மா ராத்திரியெல்லாம் தூங்காம கெடக்கிறாடா! நான் மட்டும் தூங்குறேனா?" என்று மலை எதிரொலிக்கக் கத்தினார். அவ்வளவு சொற்கள் அவர் வாயில் இருந்ததே எனக்குத் தெரியாது. பிறகு கோமகனை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வீரர்கள் பாதி வாளை உருவிவிட்டார்கள். "எந்திரிக்காத ஊர்பன்! எந்திரிச்சா போச்சு!" என்று பிளாஷ் கத்த, ஊரே சேர்ந்து கத்தியது. கல்லில் இருக்கும் வரை ஒருவரும் தொட முடியாதே! எழுந்திருக்கச் சொல்லி அதிகாரி குதித்தார். அப்பாவுக்கு இரண்டும் காதில் விழவில்லை. அப்போதுதான் தாம் கட்டிப் பிடித்திருப்பது யாரை என்று பார்த்து, அப்படியே மரமாகிவிட்டார்.

வெயில் ஏறியது. அப்பா எழவில்லை, கோமகன் ஆட்கள் போகவில்லை. நான் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்துக்கொண்டு கல்லருகே போனேன். அப்பாவுக்குப் பிட்டுக் கொடுத்தேன். பக்கத்தில் கோமகன், சின்னப் பையன்தானே, ஒரு கன்னம் சிவந்து வீங்க நின்றுகொண்டு ரொட்டியையே பார்த்தார். சடங்குக்காக முந்திய நாளிலிருந்து பட்டினியாம். மனது கேட்கவில்லை. அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தேன். புல்லில் உட்கார்ந்து தின்றார். "யாரும்மா அந்தப் பையன்? யாருக்கு விழ வேண்டிய அறை இது?" என்று கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். "முட்டைக்கோஸ் தின்ன மானுக்கா கைய வெட்டச் சொன்னாரு எங்கப்பா?" என்றார். பிறகு கன்னத்தைத் தடவிக்கொண்டே, "என்ன எங்கப்பா ஒரு தடவகூட அறைஞ்சதில்லம்மா. அறையறதுக்குன்னு ஒரு வாத்தியார வச்சிருந்தாரு" என்றார். இன்னொரு துண்டு ரொட்டி கொடுத்தேன்.

கோமகன் எழுந்து வந்து அப்பா முன்னால் நின்றார். "உங்க மகன மன்னிச்சா எந்திரிப்பீங்களா பெரியவரே?" என்றார். உன் அப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அது கேள்வியில இல்லீங்களே" என்றார்! அந்தக் கல்லாலேயே அவரை அடிக்கலாம் போல இருந்தது. அதற்குள் அதிகாரி குறுக்கே வந்தார். அப்பா எழுந்து இடம் விட்டால்தான் அந்தப் பையன் கோமகனாம். கோமகனானால்தான் மன்னிப்புக் கொடுக்க முடியும். ஆனால் எழுந்த அடுத்த நொடி வீரர்கள் அப்பாவைப் பிடித்தாக வேண்டுமாம், அதுவும் சட்டமாம். "இப்ப நான் எந்திரிக்கணுமா, உக்காரணுமா?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

நம் சாமிதான் வழி சொன்னார். தன்னைப் பற்றி எழுதக் கூச்சப்படுகிறார், நான் விடமாட்டேன். அப்பா பாதி எழுந்து பாதி உட்கார்ந்த நிலையில் நிற்பது. அந்த நேரத்தில் அவர் பாதிக் கோமகன், மன்னிப்புச் செல்லும்; அப்பா இன்னும் பாதி கல்லில், பிடிக்க முடியாது. உனக்கும் அப்பாவுக்கும் சேர்த்து மன்னிப்புச் சொல்லி முடித்ததும் முழுதாக எழுந்துகொள்வது. ஒப்புக்கொண்டார்கள். ஆனால் மன்னிப்பை அதிகாரி லத்தீனில் எழுதிப் படிக்க வேண்டும் என்றார். அப்பாவின் முழங்கால் எப்படி என்று உனக்குத் தெரியுமே. அந்த லத்தீன் வாக்கியம் முடியவே முடியாது போலிருந்தது. பின்னால் பிளாஷ் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் இடுப்பைத் தாங்கிப் பிடித்திருந்தோம். அப்பாவின் கால்கள் கிடுகிடுவென ஆடின. "ஆமென்" என்றதும் எழுந்தார். எழுந்து நேராகப் புதர் பக்கம் ஓடினார். விடிவதற்கு முன்பே வந்து உட்கார்ந்தவராயிற்றே.

மன்னிப்புப் பத்திரம் முத்திரையோடு கோயிலில் பத்திரமாக இருக்கிறது. அதன் நகலை சாமி இத்துடன் வைத்திருக்கிறார். அதில் உன் பெயர், அப்பா பெயர், மான், முட்டைக்கோஸ் எல்லாம் லத்தீனில் இருக்கின்றன. எல்லையில் யார் கேட்டாலும் காட்டு. பட்டமேறிய கோமகன் போகும்போது அப்பாவிடம், "உங்க பையன் வந்ததும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க" என்றார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

அன்றிலிருந்து பழையபடி வாயே திறப்பதில்லை. ஆனால் புதுக் குதிரைக்குக் கணவாய்ப் பக்கத்துப் புல்தான் பிடிக்கும் என்று தினமும் சாயங்காலம் அங்கே ஓட்டிப் போகிறார். குதிரை எங்கேயும் மேயும், யெர்னெய். வெனிஸிலிருந்து வருகிற பாதை அங்கேயிருந்துதான் தெரியும். நேற்றுப் பரணில் ஏறி எதையோ தேடினார். என்ன என்று நான் கேட்கவில்லை.

பனி விழுவதற்குள் கிளம்பிவிடு மகனே. ரொட்டிக்காரரிடம் நல்லபடியாகச் சொல்லிக்கொண்டு வா. ஒருவரிடமும் சொல்லாமல் கிளம்புகிற பழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வா. வருகிற வழியெல்லாம் ஆண்டவர் உன் பாதங்களைக் காக்கட்டும். அப்பா அடிப்பாரோ என்று மட்டும் பயப்படாதே. உனக்கு விழ வேண்டியதைக் கோமகன் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

உன் வழியைப் பார்த்திருக்கும்,
அம்மா நேஷா.