வேப்பிலை செருகிய ஆறு வீடுகள்

அனுப்புநர்:
மொக்கம்மாள் (வயது 46), க/பெ. சோணை,
கிழக்குத் தெரு, சிலமலை, போடிநாயக்கனூர் வட்டம்.

பெறுநர்:
வட்டார மருத்துவ அலுவலர் அவர்கள்.

பொருள்: எங்கள் தெருவில் அம்மை நோய் இல்லை என்று பதிவானது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஏலத் தோட்டத்தில் காய் எடுக்கும் கூலி. விடியுமுன் தங்கபாண்டியின் ஜீப்பில் பதினான்கு பேர் போடிமெட்டு ஏறுகிறோம். குளிருக்குத் தார்ப்பாயை இறக்கிவிட்டு, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்குவோம். அரைத் தூக்கத்தில் பார்த்தால் பனிக்குள் மலைதான் மிதந்து போகிறது, நாங்கள் அசையாமல் இருக்கிறோம் என்று தோன்றும். யார் இருமல், யார் மூச்சு என்று தெரியாது.

2. இம்மாதம் 10ஆம் தேதி, எங்களோடு ஜீப்பில் வரும் ஜோதிக்கு அம்மை போட்டது. வழக்கப்படி வாசலில் வேப்பிலை செருகினார்கள். பதினைந்து நாளில் மேலும் நான்கு வீடுகளில் இலை ஏறியது. நான்கும் அதே ஜீப்பில் வருகிறவர்களின் வீடுகள். மற்ற வீடு எதிலும் இல்லை. எட்டாவது வரை படித்த எனக்கே இது புரிகிறது, ஐயா.

3. கணக்கெடுக்க வந்த நர்சம்மா நல்லவர், எங்கள் பக்கத்துப் பெண்தான். இலை செருகிய வாசலில் செருப்பைக் கழற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா இருக்கிற வீட்டுக்குள்ள அசலாளு நான் எப்படிக்கா வர்றது?" என்று திரும்பிவிட்டார். இலை இல்லாத வீடுகளில் மட்டும் விசாரித்தார். அங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. தெருவுக்கே ஒன்றுமில்லை என்று பதிவாகிவிட்டது. அவர் மீது நடவடிக்கை வேண்டாம். நாங்களும் அவரை உள்ளே கூப்பிடவில்லை.

4. என் மகள் பவித்ரா ஏழு மாதக் கர்ப்பிணி. 9ஆம் தேதி மாலை, மலையிலுள்ள மாமியார் வீட்டிலிருந்து பிரசவத்துக்காக எங்கள் ஜீப்பில்தான் அழைத்துவந்தேன். ஜோதியின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள். நேற்று அவளுக்கும் முத்துப் போட்டுவிட்டது. காய்ச்சலில் கண்ணை மூடியபடி, வீடெல்லாம் ஏலக்காய் மணக்கிறது என்கிறாள். பிள்ளை பனிக்குள் நடந்து வருகிறது என்று சொல்லிச் சிரிக்கிறாள். மூச்சும் வாங்குகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

5. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அம்மை கண்டவர் வாசல் தாண்டக் கூடாது என்பது எங்கள் முறை. ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று அவளே கேட்டாள். பொறுத்துக்கொள் என்று சொன்னவள் நான்தான். இவ்வளவும் தெரிந்து எழுதுகிற எனக்கு அவளைக் கூட்டிவரத் தைரியம் இல்லை. பாதி வழியில் ஏதாவது ஆகிவிட்டால், ஆத்தா கோபித்துக்கொண்டாள் என்று தெருவே என்னைத்தான் சொல்லும்.

ஆகவே, இலை செருகிய வீடுகளுக்குள்ளும் வந்து கணக்கெடுக்கவும், விடியற்காலையில் ஜீப் ஏறும் இடத்தில் எங்களைப் பரிசோதிக்கவும் உத்தரவிடுமாறு பணிந்து கேட்கிறேன். அதற்கு முன், இன்றே ஓர் ஆம்புலன்ஸ் அனுப்புங்கள். சர்க்கார் வந்து கூட்டிப்போனது என்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நான் வாசலில் நின்று அழுவேன். அதை நான் தடுப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இடம்: சிலமலை
நாள்: 28.01.2025

இப்படிக்கு,
மொக்கம்மாள்
(பவித்ராவின் தாய்)