இந்த வருசமும் பிள்ளைகள் வந்துவிட்டார்கள்

இஞ்சாரும்,

கலியாணம் கட்டிய நாளிலிருந்து உம்மை இப்படித்தான் கூப்பிட்டு வந்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக ஞாபகம் இல்லை. இனிமேல் பழகவும் ஏலாது, ஆகையால் இப்படியே எழுதுகிறேன்.

இன்று காலை வெங்காயச் சாக்கு எடுக்கலாம் என்று பின்கொட்டிலைத் திறந்தேன். பிள்ளைகளுக்கென்று நீர் வாங்கி வைத்த பனையோலைத் தொப்பிகள் அத்தனையும் மேல்தட்டிலிருந்து என் தலையில் கொட்டின. பிள்ளைகளின் விடுமுறை முகாம் முடிந்த கையோடு உம்முடைய தங்கை அவசர அவசரமாக அடுக்கிய அழகு அது. விழுந்த ஒன்றை எடுத்து மணந்து பார்த்தேன். தேங்காயெண்ணெய், வியர்வை, வெளிநாட்டுப் பிள்ளைகள் வெயிலுக்குப் பூசுகிற களிம்பு, கொஞ்சம் ஆட்டு நாற்றம். எங்கள் வீட்டு ஓகஸ்ட் மாதம் இப்படித்தான் மணக்கும். முதலில் எரிச்சல் வந்தது. எரிச்சலுக்குப் பின்னால் நீர் வந்தீர். சாக்கின் மேலேயே குந்திவிட்டேன்.

ஓம், இந்த வருசமும் முகாம் நடந்தது. நான்தான் நடத்தினேன். சிரிக்காதேயும்.

பங்குனியில் நீர் போன அன்று வீடு நிறையச் சனம். நான் முற்றத்துக் கதிரையில் கல்லாக இருந்தேன். அந்த நேரத்திலும் மனதின் ஒரு மூலையில், இனி ஓகஸ்ட்டில் வீடு வீடாக இருக்கும் என்று ஒரு நினைப்பு ஓடியது. அந்த நேரத்தில் மனிதனுக்கு அப்படியும் ஓடுமோ என்று கேட்பீர். ஓடியது. என் தோட்டத்தில் நான் தனியே நின்று, வெங்காயத்தோடும் மிளகாயோடும் உம்மை நினைத்துக்கொண்டு கிடக்கலாம் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அதற்கும் மகள் வழி வைக்கவில்லை. அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிற சனத்துக்குக் கொடுக்க உமக்குக் கல்வெட்டு அடிப்பித்தாள். உம்முடைய படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு என்று வழக்கமான நினைவுப் புத்தகம்தான். அச்சுக்குப் போகமுன் என்னைப் பார்க்கச் சொல்லி வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள்.

“பாத்தனீங்களோ அப்பா? எல்லாம் சரியோ?”

“ஓம் பிள்ளை, வடிவாயிருக்கு.”

நான் பார்த்தது உம்முடைய படத்தை மட்டும். ஓய்வு பெற்ற அன்று பள்ளிக்கூடத்தில் மாலையோடு எடுத்தது. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேனே தவிர அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை.

முப்பத்தோராம் நாள் பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டு நிற்கிறேன். வருகிறவர் எல்லோரும் என் ஈரக்கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். “அண்ணை, நல்ல முடிவு.” “ரீச்சற்றை ஆத்மா சாந்தியடையும்.” என்ன முடிவு என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு ஒருவரின் கையிலிருந்த கல்வெட்டை வாங்கிப் பார்த்தேன். ‘அம்மாவின் பண்ணை முகாம் வழமைபோல ஓகஸ்ட்டில் நடைபெறும். அப்பா முன்னின்று நடத்துவார்’ என்று கடைசிப் பக்கத்தில் பூப் போட்டு அடித்திருந்தாள்.

மகளைக் கேட்டால், “நீங்கள்தானே அப்பா சரியெண்டனீங்கள்” என்கிறாள். அவள் சொன்னதிலும் பிழை இல்லை. ஆனால் செத்தவரின் கல்வெட்டில் அச்சாகிவிட்ட ஒன்றை இல்லை என்று சொல்ல எங்கள் பக்கத்தில் எவருக்கு வாய் வரும்? நான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

யோசித்துப் பார்த்தால் இந்த முகாமை ஒருவரும் தொடங்கவேயில்லை. மகள் தன் பிள்ளைகளோடு கனடாவிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த வருசம், அதுகளோடு விளையாட நல்லூரிலிருந்தும் அரியாலையிலிருந்தும் உறவுப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். ஆடு பிடித்தார்கள், தொட்டியில் குதித்தார்கள், வெங்காயம் கிண்டிப் பிடி கட்டினார்கள். அடுத்த வருசம் அவர்களின் சிநேகிதர்களும் வந்தார்கள். அதற்கடுத்த வருசத்திலிருந்து மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆனால் மற்றப் பிள்ளைகள் பையும் பாயுமாக வாசலில் நின்றார்கள். நீர் படலையைத் திறந்துவிட்டீர். எங்கள் தோட்டத்துக்குப் ‘பண்ணை’ என்று பெயர் வைத்ததும் மகள்தான். இரண்டு மாடும் நாலு ஆடும் நின்றால் அது பண்ணையாம்.

கல்வெட்டில் அச்சான பிறகும் எனக்கு ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. அது வடக்கு வேலிச் செல்லத்துரையர். எங்கள் தோட்டக் கிணறு பங்குக் கிணறு, ஆளுக்கு ஆள் இறைப்பு நாள் இருக்கிறது. முகாம் வாரத்தில் எங்கள் நாள் காணாது. பிள்ளைகள் குளிக்கவென்று அவருடைய நாளிலும் தண்ணீர் எடுக்கவேண்டி வரும். ஒவ்வொரு வருசமும் நீர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய் அவர் வீட்டு விறாந்தையில் குந்தியிருந்து, அவர் கத்துவதை எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் சம்மதத்தோடு வருவீர். அதற்குப் பிறகும் அவர் வேலிக்கு மேலால், “தண்ணியென்ன ரீச்சர், கடலுக்கையிருந்தோ வருகுது?” என்று முகாம் முடியும்வரை கத்திக்கொண்டிருப்பார்.

இந்த வருசம் நான் போனேன். வேண்டுமென்றே வெறுங்கையோடு போனேன். அவர் ஏச வேண்டும், நான் ரோசப்பட வேண்டும், முகாம் நிற்க வேண்டும். அதுதான் என் திட்டம்.

“அண்ணை, உங்கடை இறைப்பு நாளிலையும் தண்ணி எடுக்கவேண்டி வரும். உங்களுக்கும் கரைச்சல்தான். வேண்டாமெண்டால் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, நான் எல்லாத்தையும் நிப்பாட்டிப்போடுறன்.”

மனிதன் உள்ளே போனார். சாமிப் படத்தடியில் வைத்திருந்த உம்முடைய கல்வெட்டை எடுத்துக்கொண்டு வந்தார். கண் கலங்கியிருந்தது.

“தம்பி, ரீச்சர் இருக்கேக்கை நான் கொஞ்சம் கூடத்தான் கத்திப்போட்டன். இந்த வருசம் என்ரை நாள் முழுக்க நீ எடு. பிள்ளையள் குளிக்கட்டும்.”

“உங்கடை மிளகாய் காயுமண்ணை.”

“காஞ்சால் காயட்டும்.”

நம்பியிருந்த ஒரே எதிரியும் கைவிட்டுவிட்டார். திரும்பி வருகிற வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

பிள்ளைகள் வந்தார்கள். சமையலுக்கும் மேற்பார்வைக்கும் உம்முடைய தங்கை வந்து நின்றாள். ஒரு கிழமைதான், ஆனால் என் சொந்த வளவில் நான் மறியல் கைதியாகக் கிடந்தேன். சாரத்தோடும் தோளில் ஒரு துவாயோடும் வெறும் மேலில் திரிகிற மனிதன் விடிந்தது தொடங்கிச் சேட்டுப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். ஆட்டைக் கூட வாய் நிறைய ஏச முடியாது, பக்கத்தில் பிள்ளை நிற்கும். றேடியோவைப் போட்டால் வந்து சுற்றி இருந்துகொள்கிறார்கள். கிணற்றடிக்குப் போனால் பின்னால் ஒரு வரிசை. படலைக்கு வெளியே கால் வைத்தால் உம்முடைய தங்கை உள்ளேயிருந்து, “அத்தான், என்னைத் தனிய விட்டிட்டு எங்கை போறியள்?” என்கிறாள். ஒருநாள் மாட்டுத்தொழுவத்தின் பின்னால் ஒளித்து நின்று சுருட்டுப் பற்றவைத்தேன். அங்கேயும் அரியாலைச் சின்னவள் ஒருத்தி வந்துவிட்டாள். முகாமில் பிள்ளைகளின் போன்களை வாங்கிப் பூட்டி வைப்பது உம்முடைய சட்டம் அல்லவா? அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “தாத்தா, உங்கடை போனையும் வாங்கி வச்சிட்டினமோ?” என்று கேட்டாள். என் முகம் அவ்வளவு தூரம் தொங்கியிருந்திருக்கிறது.

மிளகாய்க்குத் தண்ணீர் மாறுகிற வேலையையும் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டியிருந்தது. அதுவும் உம்முடைய சட்டம்தான். பாத்தி நிரம்பியதும் வரம்பை வெட்டி அடுத்த பாத்திக்கு விட வேண்டும், நிரம்பிய பாத்தியின் வாயை மண்ணால் அடைக்க வேண்டும். ஒரு கணம் யோசித்து நின்றால் வரம்பு உடைந்து தண்ணீர் கண்டபடி ஓடும். முதல் வருசம் அப்படி உடைந்தபோது நான் கத்திய கத்து சந்திவரை கேட்டிருக்கும். நீர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, பிள்ளைகளுக்கும் எனக்கும் நடுவில் நின்றீர்.

“வரம்பு உடைஞ்சால் கட்டலாம். நீங்கள் கத்தினால் அதுகள் இனி மண்வெட்டி தொடாதுகள்” என்றீர்.

இந்த வருசமும் உடைத்தார்கள். கனடாவிலிருந்து வந்த வேறொரு வீட்டுப் பெடிச்சி ஒருத்தி எந்தப் பக்கம் வெட்டுவது என்று யோசித்துக்கொண்டு நிற்க, ஒரு வரிசை முழுக்க வெள்ளம். அதுவும் செல்லத்துரையர் தன் மிளகாயைக் காயவிட்டுத் தந்த தண்ணீர். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. உம்மை ஏசுவதற்குத்தான் திரும்பினேன், பிள்ளைகளை அல்ல. பழக்கதோசம். நீர் வழமையாக நிற்கிற இடத்தில் ஒரு கோழி நின்றது. ஏசுவதற்கு ஆள் இல்லாமல் போவது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று நீர் இருந்தபோது எனக்குத் தெரியாது. பிறகு நானே பல்லைக் கடித்துக்கொண்டு, “வரம்பு உடைஞ்சால் கட்டலாம்” என்றேன். அந்தப் பிள்ளை நம்பாமல் என்னைப் பார்த்தது. இரண்டு பேருமாகக் கட்டினோம்.

கடைசி நாள் பெற்றோர் வந்து கூட்டிக்கொண்டு போவது வழக்கம். மற்ற வருசங்களில் அந்தக் காலை நான் மருதனார்மடச் சந்தைக்கு வெங்காயத்தோடு தப்பிவிடுவேன். வான்கள் எல்லாம் போய் முடிந்திருக்கும் என்று தெரிந்த பிறகுதான் வீட்டுக்குத் திரும்புவேன். இந்த முறை தப்ப வழியில்லை, தப்ப விருப்பமும் இல்லை. ஏனென்றால் எனக்கு ஒன்று சொல்ல இருந்தது. அதை மாடுகளுக்கு முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பழகியும் வைத்திருந்தேன்.

மாமரத்தடியில் எல்லோரும் தேத்தண்ணி குடித்து முடிந்ததும் எழும்பினேன்.

“பிள்ளையளை நம்பி விட்டதுக்குச் சந்தோசம். ஆனால் இதுதான் கடைசி. அடுத்த வருசம் முகாம் இல்லை. என்னாலை ஏலாது.”

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நான் ஏதோ பகிடி விட்டதுபோலச் சிலர் கையும் தட்டினார்கள். மூன்று பிள்ளைகளையும் வருசா வருசம் அனுப்புகிற அந்த நல்லூர்த் தாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார்:

“அப்பிடியே ரீச்சர்தான்! அவவும் ஒவ்வொரு வருசமும் இந்த மாமரத்துக்குக் கீழை நிண்டு இதைத்தானே சொல்லுறவ. இதுதான் கடைசி, என்னாலை இனி ஏலாது எண்டு. நாங்கள் சிரிச்சுப்போட்டுப் போவம். பிறகு போன் எடுத்தால், சரி அனுப்புங்கோ எண்டுவா.”

வாயைத் திறந்தபடி நின்றேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அடுத்த ஓகஸ்ட்டில் சந்திப்போம் என்று கும்பிட்டுவிட்டு வான்களில் ஏறினார்கள்.

அடுப்படிக்குப் போய் உம்முடைய தங்கையைப் பிடித்தேன்.

“உங்களுக்குத் தெரியாதோ அத்தான்?” என்று அவள் ஆச்சரியப்பட்டாள். “அக்கா எனக்கும் சொல்லுறவதானே. முழங்கால் ஏலாது, இரைச்சல் ஏலாது, தன்ரை பேரப்பிள்ளையளும் இல்லாமல் ஆற்றையோ பிள்ளையளுக்கு எண்ணெய் வச்சுத் தலை இழுத்துக்கொண்டு நிக்கிறன் எண்டுவா. ஆனால் உங்களுக்கு மட்டும் சொல்லவேண்டாமெண்டவ.”

“ஏனாம்?”

“சொன்னால் நீங்கள் அண்டைக்கே நிப்பாட்டிப்போடுவியளாம்.”

“நிப்பாட்டத்தானே அவ விரும்பினவ?”

உம்முடைய தங்கை சட்டியை வழித்துக்கொண்டே, “அது எனக்குத் தெரியாது அத்தான்” என்றாள்.

எனக்கும் தெரியாது. முகாம் முடிந்ததிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டு திரிகிறேன். ஒவ்வொரு வருசமும் கடைசி நாள் சந்தையால் நான் திரும்பி வரும்போது நீர் கதிரையில் சாய்ந்து, சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் காலை வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் இருப்பீர். பிள்ளைகள் போன கவலை என்று நான் நினைப்பேன். அடுத்த வருசம் இன்னும் பத்துப் பேரைக் கூப்பிடும் என்று நக்கலும் அடிப்பேன். நீர் என்னைப் பார்த்து, “ஓம், கூப்பிடத்தான் வேணும்” என்பீர். நான் அதை ஆசை என்று விளங்கிக்கொண்டேன். உமக்கு இது உயிர், எனக்கு இது கரைச்சல் என்று வீட்டுக்குள் கோடு பிரித்து வைத்துக்கொண்டு இவ்வளவு காலமும் முணுமுணுத்தபடி சீவித்துவிட்டேன். இந்த வருசம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு நான் நடத்தியதும் உம்முடைய சந்தோசம் என்று நினைத்துத்தான். சனமெல்லாம் அறிந்த உம்முடைய களைப்பு எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது.

நேற்று அந்த நல்லூர்த் தாய் போன் எடுத்தார். அடுத்த வருசம் தன் தமையனின் பிள்ளைகளும் கொழும்பிலிருந்து வருவார்களாம். முடியாது என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். “பார்ப்பம் பிள்ளை” என்று வந்தது. எங்கள் பக்கத்தில் ‘பார்ப்பம்’ என்றால் என்னவென்று உமக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்கு இனி விடுதலை கிடையாது. அது பரவாயில்லை, அதற்கு நான் பழகிவிடுவேன்.

உம்மோடு எனக்குக் கோபம் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் கொண்டு திரிகிறேன், கிணற்றடியிலும் சந்தையிலும் படுக்கையிலும் அது என்னோடு வருகிறது. ஊருக்கெல்லாம் சொன்னீர், எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம், இஞ்சாரும். நிப்பாட்டியிருக்க மாட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து களைத்திருக்கலாமே.