டீ சுட்டது என்றுதான் சொன்னேன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்னை எங்கே பேச விடுகிறாய்? கோபத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேடிக்கை. நாக்கில் புற்றுநோய் வந்த பாதியை எடுத்துவிட்டு, என் இடது முன்கைத் தோலை வைத்துத் தைத்தார்கள் அல்லவா, அதில் இப்போது முடி முளைத்திருக்கிறது. கைத்தோல் எங்கே போனாலும் கைத்தோல்தானே. இத்தனை வருடம் சலூன் நடத்தியவனுக்கு நாக்கிலேயே முடிவெட்ட ஆள் வேண்டியிருக்கிறது. லேசரில் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். தொழிலில் போட்டிக்கே வந்துவிட்டார்.

நோய் மிச்சமில்லை என்றும் சொன்னார். முன்பெல்லாம் தோலை ஒட்டுவதோடு சரியாம். இப்போது மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரத்தக்குழாயோடு நரம்பையும் சேர்த்துத் தைக்கிறார்களாம். நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறேன் என்று உன் அம்மா என்னைத் திட்டாத நாள் உண்டா? இனி அவள் வேறு திட்டு தேட வேண்டியதுதான். ஆனால் உணர்ச்சி வரப் பல மாதம் ஆகும், வராமலும் போகலாம் என்றார்கள். இத்தனை நாளும் வேறு யாருடைய பொருளையோ வாயில் வைத்திருப்பது போலத்தான் இருந்தது.

கடையைத் திறந்துவிட்டேன். என் பேச்சு குழறுவதைக் கேட்டதும், எனக்குக் காது கேட்காது என்று முடிவு கட்டிக் கத்துகிறார்கள். கையில் கத்தரியோடு பொறுமையாக இருப்பது சாமானியமில்லை. பக்கத்துத் தையல்கடைக்காரர் சைகையே காட்டுகிறார். உன் அம்மா என் முகத்தைப் பார்த்தே பாதி வார்த்தையில் மீதியைச் சொல்லிவிடுகிறாள். பாசம்தான், ஆனால் எரிச்சலாக வருகிறது.

பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணிடம் இதைச் சொன்னேன். "உங்க முகத்தைப் பாக்காம கேக்கிறவங்ககிட்ட பேசிப் பழகுங்க. அப்பத்தான் நாக்கு வழிக்கு வரும்" என்றாள். எனக்குப் போனில் பேசும் உன் ஞாபகம்தான் வந்தது.

போன ஞாயிறு காலை டீ குடித்தபோது சுரீரென்றது. தைத்த பக்கத்தில், கண்ணு. பழைய பக்கத்தில் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உன் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் நீ கூப்பிடும் வரை காத்திருந்தேன். டீ சுட்டுச்சு என்றேன். உனக்கு என்ன கேட்டதோ, "சரிப்பா சரிப்பா, நல்லா தூங்குங்க. அம்மாகிட்ட குடுங்க" என்றாய். கொடுத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் நீ அழுதது மறக்கவில்லை. பேசாவிட்டாலும் பரவாயில்லை, அப்பா இருந்தால் போதும் என்றாய். உனக்குப் போதும். வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாதே, கண்ணு.

அடுத்த முறை போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லாதே. புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல், பத்துத் தடவையானாலும் திரும்பச் சொல்கிறேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை. புரிந்த மாதிரி நீ "சரிப்பா" என்னும்போதுதான் நான் செத்துப்போன மாதிரி இருக்கிறது.

நீங்கள் இருவரும் குறையில்லாமல் இருக்க வேண்டும். ஞாயிறு காலை போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா