தெற்கே திரும்பிய சூரியப் பெட்டி

"மார்கழி வெயில் தெக்கதாம்ட்டி சாயுது, சூரியத் தகட்டை அங்கன திருப்புனாத்தான் பேட்டரி ஏறும்!"

"வெளக்கு எரியுத பெட்டியை எவளாவது தெக்க பாத்து வைப்பாளா?"

காலையில் நீங்கள் சொன்னதற்கு நான் இப்படிப் பிடிவாதம் பிடித்ததும், சாயங்காலம் வந்து எல்லாத்தையும் பிரிச்சிப் போடுதேன் என்று கத்திவிட்டுச் சுரண்டைக்குப் போய்விட்டீர்கள்.

பிரிக்காதீர்கள்! நீங்கள் போனதும் நானே தகட்டைத் தெற்கே திருப்பினேன். மீட்டர் முள் விறுவிறுவென்று ஏறியது. மத்தியானம் கரண்டு போனபோது நம் அடுப்பங்கரையில் பல்பு எரிந்ததய்யா! தனியாக நின்று கை தட்டினேன்.

இந்தச் சீட்டை எழுதி வைத்துவிட்டு, தங்கையிடம் சொல்லக் குத்துக்கல்வலசை போகிறேன். புளிக்குழம்பு மூடியிருக்கிறது.

நீங்கள் பெட்டியைப் பிரிக்காமல் இருக்கத் திருப்புளியை அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டேன்.

இன்னொன்று. பக்கத்து வீட்டு நீலா சுவரேறி எட்டிப் பார்த்துக் கேட்டாள். பதிலை நீங்களே வந்து சொல்லுங்கள் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

"தெருவுல எவுக வீட்லயும் கரண்டு இல்ல, உங்க வீட்ல மட்டும் எப்படி, ஆச்சி, லைட்டு எரியுது?"