ரெஜினா சொல்லாத வரி

வியாழன், 11

கச்சான் காற்று. வீடு முழுக்க மணல். தண்ணி மோட்டார் திருத்த வருகிறேன் என்றவன் இன்றும் வரவில்லை.

பின்னேரம் பிலோமினா அக்கா வந்தார், ரெஜினாவின் மூத்தவர். சனிக்கிழமை ரெஜினா போய் முப்பத்தோராம் நாள். அவருடைய கத்தோலிக்கக் கோயிலில் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டுமாம், நானும் வர வேண்டுமாம். இறந்தவர்களுக்காக மன்றாடும் வழக்கம் எங்கள் மெதடிஸ்த சபையில் இல்லை என்றேன்.

"என்ட தங்கச்சி உங்களக் கட்டினத்தாலதான் அந்தக் கோயிலுக்கு வந்தவ. அவக்காக ஒரு நாள் எங்கட கோயிலுக்கு வந்தா குறைஞ்சா போயிருவீங்க?"

தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார். எனக்கும் கோபம். நாற்பது வருடம் பிரசங்கம் செய்கிறவன் நான்.

வெள்ளி, 12

வாங்க: சீனி, நெருப்புப்பெட்டி, பிரஷர் குளிசை.

ஜும்ஆ முடிந்து மஜீத் வந்தார். என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"நம்மட வாப்பாக்கு நாப்பதாம் நாள் குர்ஆன் கத்தம் ஓதி சோறு குடுத்தத்துக்கு, தம்பிக்காரன் ஒரு வருசம் என்னோட கதைக்கல்ல சேர். மார்க்கத்துல இல்லாத வேலையாம். நீங்களும் அவன்ட கட்சியா?"

தேத்தண்ணி ஊற்ற எழும்பினேன்.

அவர் போன பிறகு ஒன்று நினைவு வந்தது. கர்த்தருடைய ஜெபத்தில் எங்களுக்குக் கடைசியில் இன்னும் ஒரு வரி உண்டு: ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் என்றென்றைக்கும் உம்முடையவைகளே. கத்தோலிக்கர் அதற்கு முன்பே நிறுத்திவிடுவார்கள். முப்பத்தாறு வருடம் என் பக்கத்தில் நின்று ஜெபித்தவள், அந்த வரி வந்ததும் வாயை மூடிவிடுவாள். "என்ன, இண்டைக்கும் விட்டாச்சா?" என்று பகிடி பண்ணுவேன். "மறந்துபோச்சு" என்பாள். எல்லா ஞாயிறும் அதே மறதி. நானும் நம்பினேன். மடையன்.

சனி, 13

போனேன். கடைசி வாங்கில் இருந்தேன், அக்காவுக்குப் பக்கத்தில். எப்போது முழந்தாளிடுவது, எப்போது எழும்புவது என்று அக்காவைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஃபாதர் ரெஜினாவின் பெயரை வாசித்தார்.

பிறகு அந்த ஜெபம். எல்லோரும் நிறுத்திய இடத்தில் நான் நிறுத்தவில்லை. பழக்கதோஷம். என் பிரசங்கக் குரல் மட்டும் தனியாக, உரக்க, கடைசி வரிக்குள் போய்விட்டது. முன் வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஐயோ, வெட்கம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நற்கருணை வாங்க மற்றவர்கள் போனார்கள், நான் எழும்பவில்லை. வெளியே வந்ததும் அக்கா சொன்னார்: "நல்லாக் கேட்டிச்சு. அவக்கும் கேட்டிருக்கும்." சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை. நான் அழுதேன்.

ஞாயிறு, 14

காற்று குறைவு. மோட்டார் இன்னும் அப்படியே.

எங்கள் சபை. பக்கத்து இடம் வெறுமை. அவளுடைய பாட்டுப் புத்தகத்தை அங்கே வைத்தேன். கர்த்தருடைய ஜெபத்தில் கடைசி வரி வந்தது. வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை சும்மா நின்றேன்.

வாசலில் போதகர் கைகொடுத்தார். "என்ன சேர், கடைசி வரியில உங்கட சத்தத்தக் காணல்லயே?"

"மறந்துபோச்சு" என்றேன்.