‘நாங்க’ன்னா யாரு?

ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்ததும் அந்த வாடையில் நீ வந்துவிட்டாய். மேசையைத் துடைக்கத்தான் திறந்தேன். துடைத்துவிட்டு உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. வாழைக் கன்று பாட்டில்கள் பாதி ராக்கில்தான் இருக்கின்றன, மற்றதெல்லாம் காலி. இந்த மாதத்தோடு நம் நல்லம்பள்ளி திசு வளர்ப்பு லேபை மூடுகிறார்கள். ஓசூர் கம்பெனியிலிருந்து இன்று சாயங்காலத்துக்குள் போன் வரும் என்றார்கள். வந்தால் வேலை. வராவிட்டால், இந்த வயதில் எவன் என்னை மறுபடியும் ஒரு லேபுக்குள் விடுவான்? மதியத்திலிருந்து போனையே முறைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். இப்படிப்பட்ட பயத்தையெல்லாம் கேட்கிற வேலை உன்னுடையதாகத்தானே இருந்தது.

எம்.எஸ்சி. முடித்த கையோடு நாம் இரண்டு பேரும் இங்கே சேர்ந்தோம். எதிரெதிர் மேசை. நாள் முழுக்கக் குருத்தை வெட்டிப் பாட்டிலில் வைப்போம். ஒவ்வொரு தடவையும் கையில் ஸ்பிரிட் அடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, உனக்கு விரல் இடுக்கெல்லாம் வெடித்தது. சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டாய். கடைசியில் டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் வேலையை விட்டாய். நான் அழுதேன், நீ அழவில்லை. பொம்மிடியில் உங்கள் வீட்டு மாடி அறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, பயோடெக் கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் வேலையில் உட்கார்ந்துவிட்டாய். “நான் உள்ள போவ முடியாட்டி என்ன, போறவங்கள நான் அனுப்பறேன்” என்றாய். அதைச் சொல்லும்போது உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

பயோடெக் படிச்சு என்னத்தக் கண்டீங்க என்று கல்யாண வீட்டில்கூடக் கேட்கிற ஊர் நம்முடையது. அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு நொந்த பிள்ளைகள் எல்லாம் உனக்குத்தான் போன் செய்தார்கள். நீ இனிக்க இனிக்கப் பேசுகிறவள் இல்லை. பிசிஆர் தெரியும் என்று ரெஸ்யூமில் போட்டால், எதற்காகச் செய்தாய், என்ன வந்தது, அதைப் போடு என்பாய். தப்பே செய்ததில்லை என்று சொல்கிறவனிடம், அப்படியென்றால் நீ வேலையே செய்யவில்லை என்பாய். நடுவில் உங்கள் வீட்டை ஒட்டிய தண்டவாளத்தில் ரயில் வந்துவிட்டால் அது போகும்வரை பேச்சை நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து திட்டுவாய். உன்னிடம் திட்டு வாங்கியவர்கள் இன்று ஐதராபாத்திலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறார்கள்.

லேபை மூடப் போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டதுமே என்னைப் பிடித்துக்கொண்டாய். அதற்குள் இரண்டு இன்டர்வியூவில் தோற்றிருந்தேன். ஏன் என்று எனக்குப் புரியவில்லை, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருந்தேன். நீ போனிலேயே இன்டர்வியூ வைத்தாய். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, நிறுத்தினாய்.

“நாங்க செஞ்சோம், நாங்க பாத்தோம்ங்கறியே, நாங்கன்னா யாரு புள்ள? உங்க மாமனாரும் வந்து பிளேட் ஊத்துனாரா?”

எனக்குச் சுருக்கென்றது. அதுதான் நம் வழக்கமாயிற்றே. எங்க வூடு, எங்க ஊரு, ஏன், எங்க வூட்டுக்காரர் என்றுதானே சொல்கிறோம். அவர் என்ன பத்துப் பேருக்கா என்று கேட்டுவிட்டு நீயே சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாய். நாம் அடக்கமாகப் பேசுகிறோம் என்று நினைக்கிறோம். எதிரில் இருப்பவருக்கோ, இவள் எதுவும் செய்யவில்லை, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவள் என்று கேட்கிறது. அன்றிலிருந்து ‘நான்’ என்று சொல்ல வைத்துப் பழக்கினாய். ‘நாங்க’ வந்தால் முதலிலிருந்து மறுபடியும் சொல்ல வேண்டும்.

எல்லாம் சரியாகத்தான் போனது, அந்த ஏசி கதை வரும்வரை. நீ இங்கே இருந்தபோது ஒரு மழைக்காலத்தில் பாட்டில் பாட்டிலாகப் பூஞ்சை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? வெட்டுகிற பெண்களின் கை சுத்தமில்லை என்று மேனேஜர் இரண்டு பேரை நிறுத்தப் பார்த்தார். பூஞ்சை வளர்கிற கூழை ஊற்றிய தட்டுகளைத் திறந்து அறையில் அங்கங்கே வைத்துப் பார்க்கலாம் என்றேன். ஏசி ஓடும்போது ஒரு தடவை, நிறுத்திவிட்டு ஒரு தடவை வைப்போம் என்று சொன்னது நீ. அதில்தான் பிடிபட்டது. ஏசிக்குள்தான் பூஞ்சை இருந்தது. அந்தப் பெண்களின் வேலை பிழைத்தது.

அதையும் ‘நான்’ என்றே சொல் என்றாய். முடியாது என்றேன். “என் பங்கையும் நீயே எடுத்துக்க. நான் இனி எந்த லேபுக்குப் போவப் போறேன்? எனக்கு அது எதுக்கு?” என்றாய். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் உன் போனை எடுக்கவில்லை. அப்புறம் வழக்கம்போல நீதான் வாட்ஸ்அப்பில் திட்டிச் சமாதானம் ஆனாய்.

போன ஆடியில் காய்ச்சல் என்று படுத்தாய். சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. இதற்கு மேல் அதை எழுத என்னால் ஆகாது.

போன வாரம் ஓசூரில் இன்டர்வியூ. உள்ளே ஒரு மேடமும் ஒரு சாரும். ‘நான்’ ‘நான்’ என்று இங்கிலீஷில் அழகாக வந்தது, நீ கேட்டிருந்தால் மெச்சியிருப்பாய். நீங்கள் தீர்த்த ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள் என்றார் சார். ஏசி கதையைச் சொன்னேன். அதுவரை குனிந்து எழுதிக்கொண்டிருந்த மேடம் நிமிர்ந்து, தமிழில் கேட்டார்.

“ஏசிய நிறுத்திட்டு ஒரு தடவை வெக்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?”

பதில் தயாராக இருந்தது. நீ கொடுத்த பதில்தான். ஆனால் அதைச் சொல்வது, உன்னிடம் இருந்த கடைசிப் பொருளையும் பிடுங்கிக்கொள்வது மாதிரி இருந்தது.

“அது எனக்குத் தோணலைங்க மேடம். என் ஃப்ரெண்டுக்குத் தோணுச்சு. தட்டு வெச்சது, எண்ணுனது, ஏசியக் கழட்ட வெச்சது நான்.”

மேடம் எதையோ குறித்துக்கொண்டார். சார் அவரைப் பார்த்தார், பைலை மூடினார். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். தர்மபுரி வரும்வரை பஸ்ஸில் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். நீ உயிரோடு இருந்திருந்தால் பொய் சொல்லியிருப்பேன், உன்மேல் ஆணை. இருந்திருந்தால் உன்னிடம் கேட்டுக்கொண்டாவது சொல்லியிருப்பேன். இல்லாதவளிடம் எப்படி எடுத்துக்கொள்வது?

இரு, போன் அடிக்கிறது.

பேசிவிட்டேன். வேலை கிடைத்துவிட்டது. முதல் தேதி வரச் சொல்கிறார்கள். பேசியது ஹெச்ஆரில் ஒரு சின்னப் பெண், நம் பக்கத்துப் பேச்சுதான். இனி அங்கே ‘நான் செஞ்சேன்’ என்று சொல்லிப் பிழைக்க வேண்டும், சொல்லிக்கொள்கிறேன். எது நான் செய்தது, எது நீ சொன்னது என்று எனக்குள் பிரித்து வைத்திருப்பேன், அது போதும்.

நன்றி சொல்லிவிட்டுப் போனை வைக்கப் போனேன். அந்தப் பெண், மேடம் ஒன்று கேட்கச் சொன்னதாகச் சொன்னாள்.

“அன்னைக்கு ஒரு ஃப்ரெண்டப் பத்திச் சொன்னீங்களாமே. அவங்க இப்ப எங்க வேலை பாக்கறாங்க? இன்னொரு இடமும் காலியா இருக்குங்க, அவங்க ரெஸ்யூமையும் அனுப்பச் சொன்னாங்க.”

நீ இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. அவகிட்டச் சொல்றேங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். நாளைக்கு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லிவிடுவேன். இன்றைக்கு உன்னிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்டிருக்கிறார்கள், புள்ள. ஆள் பிடித்துக் கொடுக்க இல்லை. லேபுக்கு.